21-ஆம் நம்பருக்கு இவ்வளவு மதிப்பா? ரொபெர்டோ கிளெமென்டேவை பேஸ்பால் ரசிகர்கள் இன்னும் விடாமல் கொண்டாடுவது ஏன்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள பிஎன்சி பார்க் பேஸ்பால் மைதானத்தில் 2025 ஏப்ரலில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. வலது பக்கச் சுவரில் இருந்த '21' என்ற எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மதுபான விளம்பரம் ஒன்றை வைத்தார்கள். அவ்வளவுதான். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரரின் குடும்பமும் வருத்தம் தெரிவித்தது. கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி நிர்வாகம் மன்னிப்பு கேட்டு, எண்ணைத் திரும்ப எழுதியது.

இத்தனைக்கும் அந்த எண்ணை அணிந்து ஆடியவர் இறந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மைதானத்துக்கு வரும் ரசிகர்களில் பெரும்பாலோர் அவர் ஆடியதை நேரில் பார்த்ததே கிடையாது. அப்புறம் எதற்கு இந்தக் கோபம்?

யார் இந்த கிளெமென்டே?

ரொபெர்டோ கிளெமென்டே, 1934 ஆகஸ்ட் 18-ஆம் தேதி போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா என்ற ஊரில் பிறந்தவர். போர்ட்டோ ரிக்கோ, கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட ஒரு தீவு. அங்கே பேசுவது ஸ்பானிஷ். 1955-இல் பைரேட்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கி, 1972 வரை 18 சீசன்கள் அதே அணியில் இருந்தார்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அடித்த பந்தை ஃபீல்டர்கள் எடுத்து அவுட்டாக்குவதற்குள் பேட்டர் குறைந்தது முதல் பேஸையாவது எட்டிவிட்டால் அது ஒரு 'ஹிட்'. பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடித்தாலே அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்பார்கள். கிளெமென்டேவின் வாழ்நாள் சராசரி .317. லீக்கின் பேட்டிங் சாம்பியன் பட்டம் நான்கு முறை. ஃபீல்டிங்குக்கான கோல்டு குளவ் விருது 12 முறை. வலது பக்க எல்லையிலிருந்து அவர் எறியும் த்ரோவுக்குப் பயந்தே பல ரன்னர்கள் ஓடாமல் நின்றுவிடுவார்களாம். நம்ம ஊரில் பாயின்ட்டில் ஜான்டி ரோட்ஸ் நிற்கும்போது சிங்கிள் ஓட யோசித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

'பாப்' என்று கூப்பிட்ட காலம்

இதெல்லாம் ஸ்கோர்போர்டு சங்கதி. ரசிகர்களின் பாசத்துக்கு இது மட்டும் காரணமில்லை.

கிளெமென்டே கறுப்பினத்தவர், கூடவே ஸ்பானிஷ் பேசுபவர். 1950-களின் அமெரிக்காவில் இது இரட்டைச் சுமை. பயிற்சி முகாமுக்காக ஃப்ளோரிடா போனால் வெள்ளை சக வீரர்கள் சாப்பிடும் ஹோட்டலுக்குள் அவர் நுழைய முடியாது. பத்திரிகைகள் அவர் பேசும் ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் அப்படியே எழுத்துக்கூட்டி அச்சடித்து கேலி செய்தன. ரொபெர்டோ என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்பதுபோல பேஸ்பால் கார்டுகளில்கூட 'பாப்' கிளெமென்டே என்று போட்டார்கள். என் பெயர் ரொபெர்டோ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1960-இல் பைரேட்ஸ், வலுவான நியூயார்க் யாங்கீஸை வீழ்த்தி உலகத் தொடரை வென்றது. ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்டே ஹிட் அடித்தார். ஆனால் அந்த வருட லீக்கின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் அவருக்கு எட்டாவது இடம்தான் கிடைத்தது. அந்தக் காயம் அவருக்குள் நீண்ட நாள் இருந்தது.

11 வருடம் கழித்து, 1971 உலகத் தொடர். இந்த முறையும் ஏழு ஆட்டங்களிலும் ஹிட், சராசரி .414, தொடர் நாயகன் விருதும் அவருக்கே. வெற்றிக்குப் பின் டிவி மைக் முன்னால் நின்றவர், ஆங்கிலத்தில் பேசும் முன் ஸ்பானிஷில் தன் அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். தங்கள் மொழி அமெரிக்கா முழுக்க டிவியில் அப்படி ஒலித்ததை லத்தீன் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கென்னவோ, 3000 ஹிட்டை விட இந்தச் சில நொடிகள்தான் பெரிது என்று தோன்றுகிறது.

3000-ஆவது ஹிட், காலி நாற்காலிகள்

1972 செப்டம்பர் 29. கிளெமென்டேவுக்கு 3000-க்கு ஒன்று பாக்கி. அவர் அடித்த ஒரு பந்தை எதிரணி ஃபீல்டர் தவறவிட, அதிகாரபூர்வ ஸ்கோரர் அதை ஹிட்டாக எண்ணாமல் 'எரர்' என்று எழுதிவிட்டார். மறுநாள் நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் வீசிய பந்தை அடித்து இரண்டாவது பேஸ் வரை போய் நின்றார். அதுதான் 3000. அந்த மைல்கல்லைத் தொட்ட 11-ஆவது வீரர் அவர். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர், அதாவது கால்வாசிக் கூட்டம்தான்! அடுத்த வருஷமும் அவர் ஆடத்தானே போகிறார் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் போல.

லீக் ஆட்டங்களில் அவர் அதன்பின் ஹிட் அடிக்கவே இல்லை. கணக்கு சரியாக 3000-லேயே நின்றுவிட்டது.

அந்த டிசம்பர் 31

1972 டிசம்பர் 23-இல் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் போர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணியின் மேனேஜராக அங்கே போய் வந்திருந்தார் கிளெமென்டே. உடனே நிவாரணப் பொருள் திரட்டத் தொடங்கினார். அனுப்பியது மக்களுக்குப் போய்ச் சேராமல் சொமோசா அரசின் ராணுவத்தினர் கைக்குப் போகிறது என்று தகவல் வந்தது. நானே நேரில் போனால் யாரும் தொட மாட்டார்கள் என்று கிளம்பிவிட்டார்.

அவர் ஏறியது ஒரு பழைய டிசி-7 சரக்கு விமானம். அளவுக்கு மீறிய பாரம். டிசம்பர் 31 இரவு சான் ஹுவானிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரில் யாரும் பிழைக்கவில்லை. கிளெமென்டேவின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அவருக்கு வயது 38. மூன்று சின்னப் பையன்கள். பிட்ஸ்பர்க் அணியே நினைவு அஞ்சலிக்குக் கூடியபோது, கேட்சர் மேனி சங்கியென் மட்டும் வரவில்லை. அவர் கடலில் குதித்து நண்பனைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பின் ஐந்து வருடம் காத்திருந்தால்தான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்கும். கிளெமென்டேவுக்காக அந்த விதியைத் தளர்த்தி 1973-லேயே சேர்த்தார்கள். ஆனால் அங்கேயும் பெயர் தப்பு! போர்ட்டோ ரிக்கோ வழக்கப்படி அப்பாவின் குடும்பப் பெயர் முதலில், அம்மாவின் பெயர் பிறகு: ரொபெர்டோ கிளெமென்டே வாக்கர். பலகையில் 'ரொபெர்டோ வாக்கர் கிளெமென்டே' என்று மாற்றிப் பொறித்துவிட்டார்கள். அதைத் திருத்த 2000 வரை ஆனது.

நம்பரை ஓய்வு கொடுக்கணுமா, போட்டுக்கணுமா?

இப்போது விவாதம் இதில்தான். பைரேட்ஸ் அணி 21-ஐ 1973-லேயே யாருக்கும் தராமல் நிறுத்திவிட்டது. எல்லா அணிகளும் அதைச் செய்ய வேண்டும் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். அப்படி லீக் முழுக்க ஓய்வு பெற்ற எண் ஒன்றே ஒன்று: நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் 42. அவருடைய மகள் ஷரோன் ராபின்சன், அந்த மரியாதை 42-க்கு மட்டுமே இருக்கட்டும் என்று 2006-இல் சொன்னபோது, போர்ட்டோ ரிக்கோ ரசிகர்களுக்கு வலித்தது. லீக்கில் இன்று கால் பங்குக்கும் மேல் லத்தீன் வீரர்கள். அவர்களுக்கு ராபின்சன் என்றால் கிளெமென்டேதான் என்பது இவர்கள் வாதம்.

இந்த உணர்ச்சி நமக்குப் புதிதில்லை. 2017-இல் ஷர்துல் தாக்கூர் 10-ஆம் நம்பர் போட்டுக்கொண்டு இறங்கியபோது சச்சின் ரசிகர்கள் எப்படிப் பொங்கினார்கள் என்று ஞாபகம் இருக்கும்.

மேஜர் லீக் பேஸ்பால் இதுவரை 21-க்கு முழு ஓய்வு தரவில்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று நடக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 15-ஐ கிளெமென்டே தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2022 முதல் அன்றைக்கு விருப்பப்பட்ட எந்த வீரரும் 21 அணிந்து ஆடலாம். ஒரு எண்ணைப் பூட்டி வைப்பதைவிட, வருஷத்தில் ஒரு நாளாவது பல முதுகுகளில் அதைப் பார்ப்பதுதான் நல்லது என்று சில ரசிகர்களும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வீரர்கள் பலர், மற்ற நாட்களில் அந்த எண்ணைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

பிட்ஸ்பர்க்கில் மைதானத்துக்குப் போகும் பாலத்துக்கு 1998-இல் கிளெமென்டேவின் பெயரை வைத்தார்கள். மேட்ச் நாட்களில் அதில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ரசிகர்கள் நடந்தே கடந்து போகிறார்கள், பாதிப் பேர் முதுகில் 21-ஐப் போட்டுக்கொண்டு.