பின்னல் ஊசியும் விலைச்சீட்டும்

நீலகிரியில் பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஏதாவது ஒரு மூலையில், ஒரு துணிப் பைக்குள், பாதி முடிந்த ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், மார்கழி தை மாதங்களில் புல் வெளியெல்லாம் உறைபனியால் வெள்ளையாகிவிடுகிறது. ஆகவே பின்னல் எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஆனால் பின்னுவது ஒரு வித்தை. பின்னியதை விற்பது வேறொரு வித்தை. முதல் வித்தையைப் பாட்டிமார் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதைக் கற்றுக்கொடுக்க எவருமில்லாததால், விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

கோடையில் ஊரில் நடக்கும் கைவினைக் கண்காட்சி, பங்குத் திருவிழாச் சந்தை, எங்கள் பள்ளியின் பெற்றோர் தினம் என ஆண்டுக்கு மூன்று முறை எங்கள் வகுப்பு மேசை போடுகிறது. மேசையில் ஒரு பாதி மாணவியராகிய நாங்கள் கைவேலை வகுப்பில் பின்னியவை. அந்தப் பணம் முதியோர் இல்லத்திற்குச் செல்கிறது. மறு பாதி எங்கள் தோழியர் சிலரின் தாய்மார்கள் பின்னியவை. பகலெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, இரவில் சமையல் முடிந்தபின் ஊசியை எடுப்பவர்கள் அவர்கள். அந்தப் பணம் அவர்கள் வீட்டிற்கே செல்கிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும் மளிகைச் சாமானாகவும் மாறுகிறது. ஒரே மேசையில் இரண்டு வகைப் பணம் இருப்பதால்தான் விலை என்ற விஷயத்தை நாங்கள் இவ்வளவு யோசிக்க நேர்ந்தது.

முதலில் நூல். வாங்குபவர்கள் எல்லாவற்றையும் ‘உல்லன்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் பளபளப்பான வண்ண உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக், அதாவது இரசாயன இழை. உண்மையான ஆட்டுக் கம்பளியின் இழையில் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்குதல் மூன்றும் சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிவிடும். அப்பாவின் ஸ்வெட்டர் தம்பியின் ஸ்வெட்டராக மாறும் அற்புதம் இப்படித்தான் நிகழ்கிறது. அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். எனவே பானை பிடிக்கும் துணியையும் தேநீர்க் கூஜா மூடியையும் நாங்கள் பருத்தி நூலிலோ கம்பளியிலோ மட்டுமே பின்னுகிறோம். எந்த நூல், எப்படித் துவைப்பது என்று எழுதிய சிறு சீட்டு ஒவ்வொரு பொருளோடும் இருக்க வேண்டும்.

நூல் வாங்கும்போது உருண்டையின் மேல் சுற்றிய காகிதத்தில் சாய எண் அச்சிட்டிருக்கும். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய அத்தனை உருண்டைகளும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நீலங்கள், வெயிலில் முதுகின் குறுக்கே கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். இன்னொன்று: கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நனைந்தது போலத் தெரியாமலே உறிஞ்சிக்கொள்ளும். மூடுபனி நாளில் கம்பளியை எடை போட்டு வாங்கினால் நாம் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம் என்பது எங்களுள் கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தியின் கண்டுபிடிப்பு.

இனி விலைக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாதாரண மப்ளரை எடுத்துக்கொள்வோம். அகலத்திற்கு 40 கண்ணிகள்; ஐந்தடி நீளத்திற்குச் சுமார் 400 வரிசைகள். ஆக 16,000 கண்ணிகள். நிதானமாகப் பின்னும் ஒருவர் நிமிடத்திற்கு 25 கண்ணி போடுவதாக வைத்தால் 640 நிமிடம், அதாவது 10 மணி 40 நிமிடம் ஆகிறது. நூல் விலை 150 ரூபாய் என்றும், சீட்டு, பை, மேசை வாடகைப் பங்கு எல்லாம் சேர்த்து 30 ரூபாய் என்றும் கொள்வோம். மணிக்கு வெறும் 30 ரூபாய் கூலி போட்டால்கூட கூலி மட்டும் 320 ரூபாய். மொத்தம் 500 ரூபாய்! பக்கத்துக் கடையில் இயந்திரத்தில் பின்னிய மப்ளர் 200 ரூபாய்க்குத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்காக நாமும் 200 என்று விற்றால், செலவு போக மிஞ்சுவது 20 ரூபாய். ஒரு மணி நேரத்திற்கு இரண்டு ரூபாய்கூட இல்லை.

இயந்திரத்தோடு போட்டி போடுவது இன்று தொடங்கிய கதையன்று. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் காலுறை பின்னும் பொறியை 1589-ஆம் ஆண்டிலேயே அமைத்துவிட்டார். நம் திருப்பூரில் பனியன் துணி பின்னும் இயந்திரங்களின் வேகத்தைப் பார்த்தவர்கள், கையால் அதை எட்டலாம் என்று கனவிலும் எண்ணமாட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் உதகையில் வாங்கிச் செல்லும் ஸ்வெட்டர்களிலும் பல, லூதியானா ஆலைகளிலிருந்து வருபவையே. ஆகவே இயந்திரம் மலிவாகச் செய்யும் பொருளை விட்டுவிட்டு, அது எளிதில் செய்ய முடியாததையும் கை குறைந்த நேரத்தில் முடிப்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் அது குழந்தைச் சாமான்கள்தான். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு குல்லாவும் ஒரு ஜோடிக் காலுறையும் இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். நூலும் ஒரு 50 கிராம் உருண்டைக்குள் அடங்கும். பேரன் பேத்திக்கு என்றால் பாட்டிமார் விலை பேசுவதில்லை! ஆனால் இங்கே அழகைவிடக் கவனம் பெரிது. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் பொத்தான் கூடாது. கழுத்தைச் சுற்றும் நீள நாடா கூடாது. சின்ன விரல் மாட்டிக்கொள்ளும்படியான பெரிய துளைகள் உள்ள பின்னல் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டையும் கூடாது. உடலில் ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைவோடு பிறந்த குழந்தைகளுக்கு அதன் நெடி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அலமாரியிலிருந்து எடுத்த பழைய கம்பளித் துணியைத் துவைத்து, காற்றாட உலர்த்திய பிறகே குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

மேசையை அலங்கரிப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பொருளைத் தொட்டுப் பார்க்க விட வேண்டும், கண்ணாடி ஒன்று வேண்டும், சில்லறை வேண்டும். ஒவ்வொன்றிலும் விலை எழுதியிருக்க வேண்டும், ஏனெனில் விலை கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுகிறார்கள். இப்போது ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் அட்டையும் சிஸ்டரின் பொறுப்பில் மேசையில் நிற்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, ஒருத்தி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பதே. பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். அவர்களுள் இருவராவது வாங்குவார்கள்.

“கடையில நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே பாப்பா, நீங்க இவ்வளவு சொல்றீங்களே?” என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. “இது கையால் பின்னினது, ஆன்ட்டி. இதுக்குப் பதினாறாயிரம் கண்ணி போட்டிருக்கோம்” என்று சொல்லி அந்த மப்ளரைக் கையில் கொடுத்துவிடுவோம். சிலர் வியந்து வாங்குவார்கள். சிலர் வியந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

எங்களுக்குள் பெரிய விவாதம் எழுந்தது இந்த இடத்தில்தான். எங்கள் பங்கு தர்மத்திற்குப் போகிறது. எங்களுக்குக் கூலி வேண்டாம். எனவே நூல் விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து விற்றால் எல்லாம் மாலைக்குள் தீர்ந்துவிடுமே என்று சிலர் கூறினர். கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் அதே மேசையில், அதே அளவுக் குல்லாவை ஒரு தோழியின் அம்மா பின்னி வைத்திருக்கிறார். எங்களுடையது 80 ரூபாய், அவருடையது 180 ரூபாய் என்றால் யார் அவருடையதை வாங்குவார்கள்? கையால் பின்னியது இவ்வளவுதான் பெறும் என்று ஊரே முடிவு செய்துவிடும். பிறகு அவரிடம் மொத்தமாக வாங்க வரும் வியாபாரியும் அந்த விலையையே சுட்டிக்காட்டுவார். ஒருவருக்குத் தர்மம் செய்யப்போய் இன்னொருவரின் வயிற்றில் அடிப்பது ஆகாதல்லவா? ஆகவே யார் பின்னியிருந்தாலும், தரம் ஒன்றானால் விலையும் ஒன்று என்று முடிவு செய்தோம். எங்கள் குல்லாக்கள் சில மிஞ்சின. மிஞ்சியவற்றை அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு இலவசமாகக் கொடுத்தோம். இலவசமாகக் கொடுப்பது சந்தை விலையைக் கெடுப்பதில்லை. குறைத்து விற்பதுதான் கெடுக்கிறது என்பது எங்கள் கருத்து.

பின்னுபவர்களின் கூலி எப்படிக் கரைந்துபோகும் என்பதற்கு ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்டு தீவுகளின் வரலாறு நல்ல சான்று. அங்கே பெண்கள் பின்னிய மெல்லிய சால்வைகள் மோதிரத்திற்குள் நுழைத்து இழுக்கும் அளவு நுண்மையானவை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர்கள் அவர்களுக்குப் பெரும்பாலும் காசு கொடுக்கவில்லை; தேயிலையும் துணியுமாகத் தம் கடைச் சரக்கையே கொடுத்தனர். உணவுக்கு மாவு வேண்டிய பெண், கையிலிருக்கும் தேயிலையை அண்டை வீட்டாரிடம் கொடுத்து மாவு வாங்க வேண்டியிருந்தது. 1872-இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கையில் அப்பெண்களின் வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன. பிற்பாடு 1922-இல் இங்கிலாந்தின் இளவரசர் எட்வர்டு அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் தீவின் வண்ணப் பின்னல் ஸ்வெட்டர் அணிந்து கோல்ஃப் மைதானத்திற்கு வந்ததும், அப்பின்னலுக்கு எங்கும் மோகம் பிறந்தது. கையும் பின்னலும் பழையவைதாம். வாங்குபவர் கண்தான் மாறியது.

கடையில் ஒப்படைத்து விற்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கடையில் எங்கள் தோழியின் அம்மா பன்னிரண்டு குழந்தை செட்டுகளைக் கொடுத்து வைத்தார். ஆறு மாதம் கழித்து, கண்ணாடிப் பெட்டி வெயிலில் வெளுத்துப்போன நான்கு செட்டுகள் திரும்பி வந்தன. மற்றவற்றின் பணத்திற்கு அவர் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறார். எழுத்தில் ஒன்றுமில்லை. இப்போது யாரிடம் கொடுத்தாலும் எண்ணிக்கை, விலை, தேதி, கடையின் கழிவு ஆகியவற்றை இரண்டு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும்படி தாய்மார்களுக்குச் சொல்கிறோம். தாளை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை.

பெரியவர்களுக்கான ஸ்வெட்டரை நாங்கள் முன்கூட்டிப் பின்னி வைப்பதில்லை. 500 கிராம் வரை நூல் முடங்கிப்போகும். அளவு பொருந்தாவிட்டால் ஆண்டுக் கணக்கில் கிடக்கும். அவற்றுக்கு ஆர்டர் நோட்டு வைத்திருக்கிறோம். பாதிப் பணம் முன்பணம். ஆறு வாரத்தில் ஸ்வெட்டர். வரும் பெற்றோர் தினத்தன்று மேசை நூலகத்து வராந்தாவில் இருக்கும். அளவு நாடா இல்லாதவர்கள் அணிபவரின் மார்புச் சுற்றளவையும், தோளிலிருந்து இடுப்பு வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளங்களையும் மூன்று நூல்களால் அளந்து, எது எதற்கென்று சீட்டுக் கட்டி எடுத்து வந்தால் போதும். நிறம் மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். சென்ற ஆண்டு அந்த ஒரு விஷயத்திற்காகவே வரிசை வாசல்வரை நின்றது.