ஓடையோரம் ஏன் குடியிருக்கிறோம்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மாவட்டச் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும்: 'காலனிக்குள் ஓடை வெள்ளம் புகுந்தது.' படிப்பவர்கள் மழையைக் குறை சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். சிலர், "ஓடையோரம் போய் எதுக்கு வீடு கட்டுனாங்க?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேட்டால்தான் நாமும் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஓடையைப் பார்ப்போம். மண் குடித்ததுபோக மிஞ்சும் மழைநீர் சரிவைத் தேடி ஓடுகிறது. தொடக்கத்தில் விரல் அகலக் கீறல்கள்தான். ஒரு சால் உழுதால் மறைந்துவிடும். பல கீறல்கள் ஒரு தாழ்வில் கூடும்போது நீருக்கு வேகம் வருகிறது, வேகத்தோடு மண்ணை அறுக்கும் பலமும் வருகிறது. பிறகு ஏர் ஓட்டி மூட முடியாது. அறுத்த பள்ளம் கீழே மட்டும் போவதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் தலைப்பு மேட்டை நோக்கி ஏறுகிறது. தலைப்பில் விழும் தண்ணீர் அடிமண்ணைக் குடைய, மேல்மண் பொத்தென்று சரியும். இன்று கீழ்க்காட்டில் இருக்கும் பள்ளம் சில மழைக்குப் பிறகு மேல்காட்டைத் தின்பது இப்படித்தான். செம்மண் காட்டில் ஆடு மேய்த்தவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடைக்கரையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வளைவின் வெளிப்பக்கம் அறுபடும். உள்பக்கம் மணல் சேரும். ஆனால் சர்வேயர் போட்ட கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது. அதனால் புலப்படத்தில் ஓடை ஓரிடத்திலும் தரையில் இன்னோரிடத்திலும் இருக்கிற ஊர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் குடிசை போட்டவன் பாடு என்னாகும்?

இப்போது கேள்விக்கு வருவோம். மேட்டில் ஊர், தாழ்வில் சேரி என்பது நம் கிராமங்களின் பழைய அமைப்பு. நல்ல நத்தம் ஊருக்குப் போனது. மிஞ்சிய சரிவும் ஓடைக்கரையும் கூலிக்காரர்களுக்கு வந்தது. சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவன் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் குடியேறவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்த நிலமற்ற நிலைமையைத்தான் அரசுக்கு எடுத்துச் சொன்னது. அதையொட்டி 1892இல் பிறந்த பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. தண்ணீரின் போக்கை நன்றாக அறிந்தவர்கள் இந்தச் சேரிக்காரர்கள்தாம். பல ஊர்களில் மடை திறந்து மூடி, வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித்துகள். அறுவடையில் கிடைக்கும் கொஞ்சம் நெல்தான் அவர்களுக்குக் கூலி. அவர்கள் பாய்ச்சிய வயல் அடுத்தவருடையது. மழையில் மூழ்கியது அவர்கள் குடிசை.

வருவாய்த்துறை மொழியில் ஓடைப் புறம்போக்கு 'ஆட்சேபனைக்குரிய' வகை. அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் அரசு வீட்டுத் திட்டத்திலும் இடம் கிடைப்பது அரிது. நீர்நிலைகளை மீட்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஓடை அடைபட்டால் முதலில் மூழ்குவது நாம்தான். ஆனால் பொக்லைன் முதலில் எங்கே வந்து நிற்கிறது? மேலே வரப்பைத் தள்ளி ஓடையைப் பாதியாக்கி வைத்திருக்கும் தோட்டத்துக்கா, கீழே ஓலைக் கூரைக்கா? அளந்தால் முழு ஓடையையும் அளக்க வேண்டும், தலைப்பிலிருந்து.

செத்த பிறகும் ஓடை விடுவதில்லை. பாதை மறுக்கப்பட்ட ஊர்களில் பிணம் தண்ணீரில் இறங்கித்தான் போகிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி இல்லாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். காணொலி பரவியது, உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. படம் பிடிக்கப்படாத ஊர்கள் எத்தனையோ.

மாற்று இடம் தர வழியில்லை என்று அதிகாரிகள் சொன்னால் நம்ப வேண்டாம். ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனைக்கென்று தனியார் நிலத்தை எடுக்க 1978ஆம் ஆண்டு மாநிலச் சட்டமே இருக்கிறது. (அதன் பெயரில் இன்னும் 'ஹரிஜன' என்றே இருப்பது வேறு கதை.) வேலைக்குப் போகிற தூரத்தில், மேட்டில், பட்டாவோடு மனை கொடுத்துவிட்டுக் குடிசையைப் பிரிக்கச் சொல்லட்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஓடையின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். ஓடையின் பரப்பு அதில் இருக்கும். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, நான்கு பேராக, பகலில், தலைப்பிலிருந்து காலனிவரை நடந்து நூறு அடிக்கு ஓரிடத்தில் அகலத்தை அளந்து எழுதுங்கள். எங்கே சுருங்குகிறது, அந்த இடத்தில் இருபக்கமும் என்ன பயிர் நிற்கிறது என்பதையும் குறியுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அந்தத் தாளை அங்கே படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்; நகலை வாங்காமல் வர வேண்டாம்.