வலையமைப்புக் காவற்கமெரா

காவல் மனித சமுதாயத்தோடு உடன்பிறந்ததொரு தொழில். பரண்மீதிருந்து பயிரைக் காத்தவனும், கரையில் நின்று கடலை நோக்கியவனும் செய்தது ஒன்றே: கண்டதை உரியவர்க்கு உரிய காலத்தில் அறிவித்தல். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, பிரித்தானியரின் றேடார் நிலையம் அவற்றைத் தொலைவிலேயே கண்டு அறிவித்தது. போர்விமானங்கள் எதிர்த்து எழுந்தன. காண்டலும் அறிவித்தலும் ஒருங்கு நிகழ்ந்தாலன்றிக் காவல் நிறைவுறாது. இவ்விரண்டையும் ஒரு சிறு கருவியே ஆற்றுமாறு அமைந்தது வலையமைப்புக் காவற்கமெரா.

முன்னைய மூடுசுற்றுத் தொலைக்காட்சி முறையில், ஒவ்வொரு கமெராவிலிருந்தும் தனித்தனிக் கம்பி பதிவுக்கருவி வரை செல்லும். காட்சியைக் காண விரும்புவோர் அவ்விடத்திற்கே செல்லல் வேண்டும். 1996ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அக்சிஸ் நிறுவனம் வலையமைப்பில் நேரே இணையும் கமெராவை வெளியிட்டது. அஃது ஒன்றன்பின் ஒன்றாகத் தனிப்படங்களையே மெல்ல அனுப்பியதாயினும், புதியதொரு வழியைத் திறந்துவிட்டது.

இக்கருவி தொழிற்படும் முறை யாதெனின், வில்லையினூடு புகும் ஒளி உணரியின்மீது பட்டு மின்குறிகளாகின்றது. அக்குறிகள் எண்களாக மாற்றப்படுகின்றன. அடுத்தடுத்த படங்களிற் பெரும்பகுதி மாறாதிருத்தலின், மாறிய பகுதியை மட்டும் அனுப்பித் தரவின் அளவு சுருக்கப்படுகின்றது. பின்னர் அது சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, கடிதத்திற்கு விலாசம் போல ஐ.பி. முகவரி இடப்பட்டுப் பதிவுக்கருவியையோ தொலைவிலுள்ள கைப்பேசியையோ சென்றடைகின்றது. 2003இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி, 100 மீற்றர் வரையுள்ள ஒரே கம்பியில் மின்சாரமும் தரவும் செல்லக்கூடும்.

இதனால் விளையும் நன்மைகள் பல. குச்சவெளி போன்றதொரு கடற்கரை ஊரை எண்ணிப் பார்ப்போம். படகும் இயந்திரமும் வலையுமே அங்கு மீனவரின் முதல். அவை வைக்கப்படும் கொட்டிலில் இத்தகைய கமெரா அமையுமாயின், நள்ளிரவில் அயலார் நுழைந்தவுடன் உரியவருக்கு அறிவித்தல் செல்லும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியால் அது இருளிலும் காணும். இணையம் அறுந்தாலும், ஊரிலுள்ள பதிவுக்கருவி காட்சியைத் தொடர்ந்து சேமிக்கும். மின்சாரம் தடைப்படுங்கால், நடுவிலுள்ள இணைப்புப் பெட்டிக்கு ஒரு மின்கலத்தொகுதி இருப்பின் அதனோடு இணைந்த கமெராக்கள் யாவும் இயங்கும். கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்குமாதலின், நன்கு மூடப்பட்ட உறை மட்டும் இன்றியமையாதது.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. உரியவனுக்குத் திறந்த கண் பிறனுக்கும் திறந்துவிடின் என்னாவது? இது வெறுங் கற்பனையன்று. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த கமெராக்கள் முதலிய பல இலட்சம் கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலால் அவ்வாண்டு ஒற்றோபர் 21ஆந் திகதி உலகின் பெரிய இணையத்தளங்கள் பல முடங்கின. காவலுக்கு வைத்தவையே கள்வர்க்குத் துணையாயின. பிறர் முற்றமும் பெண்கள் புழங்கும் கிணற்றடியும் படத்தில் அகப்படுதலும் சிறு குற்றமன்று. தனியாள் பற்றிய தரவுகளைக் காத்தற்கென இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டமையும் இத்தகைய ஏதுக்களாலேயே.

ஆகவே, கமெராவை நிறுவுவோர் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுதல் வேண்டும். கருவியின் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். அதன் நோக்கைத் தம் எல்லைக்குள் அடக்குதல் வேண்டும். பூட்டு எத்துணை வலியதாயினும், திறவுகோலை வாயிலிலேயே தொங்கவிட்டவனின் வீடு காவலற்ற வீடேயாம். கருவி காணும், காப்பவன் மனிதனே.