உஷார்! கத்தரியில் பொறித்த ‘ஜப்பான்’ எழுத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

இந்த வாரம் புதுக் கத்தரி வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கும் சலூன் தம்பிகளே, பார்லர் தங்கைகளே, கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

என்னிடம் தொழில் பழகிய பெண் ஒருத்தி, முதல் வேலையில் சேர்த்த காசில் செல்போனில் பார்த்த ஒரு செட்டை வாங்கினாள். கட்டிங் கத்தரி, தின்னிங் கத்தரி, தோல் பை, சீப்பு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் கீழே. அலகில் ‘440சி ஜப்பான் ஸ்டீல்’ என்று அழகாகப் பொறித்திருந்தது. மூன்றாவது வாரம் கண் கலங்கி வந்து நின்றாள். “அக்கா, முடி வெட்டுப்படாம மடங்குது. நான் பிடிக்கிறதுதான் தப்பா?” அவள் பிடித்ததில் ஒரு தப்பும் இல்லை. மழுங்கிய அலகை அழுத்தி அழுத்தி வெட்டியதில் கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது.

அந்த எழுத்தையே முதலில் பாருங்கள். 440சி என்பது ஜப்பான் வைத்த பெயரே அல்ல. அமெரிக்க எஃகுத் தர வரிசையில் உள்ள எண் அது. 0.95 முதல் 1.20 சதவீதம் கார்பன், 16 முதல் 18 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகு. எந்த நாட்டு ஆலையும் அதை உருக்கலாம். சரியாகப் பதம் ஏற்றினால் ராக்வெல் கடினத்தில் 58, 60 வரை போகும். வாய் நாள்பட நிற்கும். மலிவுக் கத்தரிகளில் பெரும்பாலும் இருப்பது 420ஜே2 வகை. அதில் கார்பன் 0.26 முதல் 0.40 சதவீதம்தான். அதற்கு எவ்வளவு பதம் ஏற்றினாலும் 440சி-யின் கடினம் வராது. வாங்கிய அன்று இரண்டுமே வெண்ணெய் போல வெட்டும். வித்தியாசம் தெரியும்போது மூன்று வாரம் ஓடியிருக்கும். எழுத்துப் பொறிக்கும் லேசர் இயந்திரத்துக்கு எஃகின் தரம் தெரியாது. எந்த அலகிலும் எதையும் எழுதும்.

‘ஜப்பான் ஸ்டீல்’ என்றால் ‘ஜப்பானில் செய்தது’ என்று பொருள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். எஃகை அங்கிருந்து வாங்கி வேறு எங்கோ அடித்திருக்கலாம். அதையாவது வாங்கினார்களா என்பதற்கும் அந்தச் சொல் சாட்சி இல்லை. சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரை அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தி, கத்தரிக்குப் போடக் கூடாது என்று ஜெர்மனியில் 1938 முதல் சட்டக் காவல் இருக்கிறது. நம் மீரட் கத்தரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது (அது துணி வெட்டும் கத்தரி, நம் தொழிலுக்கு ஆகாது). ‘ஜப்பான் ஸ்டீல்’ அப்படிப் பதிவான ஊர்ப் பெயர் எதுவும் அல்ல. ஜப்பானில் கத்திகளுக்குப் பேர் போன ஊர் கிஃபு மாகாணத்துச் செகி. உண்மையாகவே அங்கே செய்த கத்தரி என்றால் விற்பவர் எந்தப் பட்டறை, எந்த எஃகு என்று தயங்காமல் சொல்வார். விலையும் இரண்டாயிரத்தில் நிற்காது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தெரியாது. நல்ல 440சி-யும் காந்தத்தில் ஒட்டும், மட்டமான 420-உம் ஒட்டும். வானவில் நிறப் பூச்சு, அலை அலையான டமாஸ்கஸ் கோலம் இவற்றிலும் மயங்காதீர்கள். பல கத்தரிகளில் அந்தக் கோலம் மேலே பொறித்ததுதான். உள்ளே எஃகு எப்போதும் போல இருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கையால் பாருங்கள். டிஷ்யூ பேப்பரில் ஒரே ஒரு தாளை நனைத்துப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை வெட்டுங்கள். எங்காவது தாள் மடங்கினாலோ நார் இழுத்தாலோ அந்த இடத்தில் இரண்டு அலகும் சேரவில்லை. அதே இடத்தில் நாளை வாடிக்கையாளரின் முடி மடங்கும், நுனி பிய்ந்து பிளவுபடும். அடுத்து, நுனி மேலே இருக்கும்படி ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் அலகைக் கூட்டல் குறி போல அகலத் திறந்து விடுங்கள். முழுவதும் விழுந்து மூடினால் திருகு தளர்வு. நின்ற இடத்திலேயே நின்றால் இறுக்கம். பாதிக்கு மேல் இறங்கி, கொஞ்சம் திறந்தபடி நிற்க வேண்டும். அலகின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்; லேசான குழிவும் ஓரம் முழுக்க ஒரே அகலத்தில் ஓடும் மெல்லிய பளபளப்புக் கோடும் இருக்க வேண்டும். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மறைந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கைப்பிடி விஷயத்தில் யாரும் அலட்சியம் காட்டாதீர்கள். இரண்டு வளையமும் நேருக்கு நேர் இருந்தால் கட்டைவிரல் நாள் முழுக்க நீண்டே கிடக்கும். கட்டைவிரல் பக்கக் காம்பு சற்றுக் குட்டையாக உள்ள ஆஃப்செட் பிடி கைக்கு இதம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப் போகிறதா? மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது என்பதற்கு அது அறிகுறி. தைலம் தடவிக்கொண்டு ஓட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இடக்கைக்காரர்கள் இன்னும் உஷாராக இருங்கள்: பிடியை மட்டும் மாற்றிவிட்டு ‘லெஃப்டி’ என்று விற்கிறார்கள். உண்மையான இடக்கைக் கத்தரியில் அலகுகளே இடம் மாறியிருக்கும்.

நல்ல கத்தரி கிடைத்த பிறகும் ஓர் ஆபத்து வாசலிலேயே காத்திருக்கிறது. கான்வெக்ஸ் (வெளிப்புறம் வளைந்த) வாய் கொண்ட கத்தரியைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் தையல் கத்தரிக்கும் அவர் கை பொன்னான கை. ஆனால் சுழலும் கல்லில் கான்வெக்ஸின் வளைவு தட்டையாகிவிடும், உட்குழிவு அழிந்துபோகும், சூடேறி நீலம் பாய்ந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். பதினைந்தாயிரம் ரூபாய் கத்தரி ஒன்று ஐந்தே நிமிடத்தில் இப்படிச் செத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே சாணை யார் பிடித்துத் தருவார்கள், எத்தனை நாளாகும் என்று கடையில் கேட்டுவிடுங்கள். பதில் இல்லாத கடையில் கான்வெக்ஸ் வாங்காதீர்கள்.

தொழில் பழகுபவர்களுக்குக் கான்வெக்ஸே தேவையில்லை என்பது என் கருத்து. முடி நழுவாமல் பிடிக்கும் நுண்பல் வாய் கொண்ட, எளிய விலைக் கத்தரியே போதும். சீப்பு வைத்து வெட்டும் கிராப்புக்கு அது நன்றாகவே உழைக்கும். பொய் எழுத்து இல்லாத சாதாரணக் கத்தரி எவ்வளவோ மேல்.

பெட்டியையும் படியுங்கள். இறக்குமதியான பொருள் என்றால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இவை அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011-இன் எடையளவு விதி. ஆன்லைன் விற்பனையில் எந்த நாட்டுப் பொருள் என்று காட்ட வேண்டும் என்று 2020-இன் விதி சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கச் சொன்னேன், அழைத்திருக்கிறாள்.

திருப்பிக் கொடுக்க அவளுக்கு இருந்தது ஏழு நாள். அந்த ஏழு நாளும் கத்தரி புதுப் பையிலேயே இருந்தது, நல்ல நாள் பார்த்து எடுக்கலாம் என்று. பார்சல் வந்த அன்றே, பிரிப்பதை வீடியோ எடுத்தபடி, ஒரு டிஷ்யூ தாளை நனையுங்கள்.