போடியில் சர்வர்... மலைமேல் லேப்டாப்! கனெக்ட் ஆகியும் கணக்கு திறக்கவில்லையா?

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் பலருக்குக் கடையும் குடோனும் ஊருக்குள் இருக்கும். தோட்டம் போடிமெட்டு தாண்டி, இடுக்கி மலையில் இருக்கும். கம்பம், கூடலூர் பக்கமும் இதே கதைதான். ஆள் குரல் கொடுத்து நடந்த ஏலக்காய் ஏலம், 2007-ல் கம்ப்யூட்டர் ஏலமாக மாறியது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இன்று போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் இருக்கின்றன.

ஏலமே திரைக்கு வந்தபிறகு, கணக்கு மட்டும் நோட்டில் இருக்குமா? எந்த லாட் என்ன விலைக்குப் போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி... எல்லாம் கடை சர்வரில். தோட்டத்தில் இருந்தபடியே அதைப் பார்க்க உதவுவதுதான் ரிமோட் ஆக்சஸ் சர்வர். பாதுகாப்பான வி.பி.என் பாதை வழியே, வெளியூர் லேப்டாப்பைக் கடைக்குள் சேர்த்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே?

‘கனெக்டெட்’ என்று திரை காட்டும். ஆனால், கணக்கு திறக்காது. உடனே போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மேடேறத் தேவையில்லை. பல நேரங்களில் கோளாறு ஐ.பி முகவரியில்தான்.

ஐ.பி முகவரி என்பது கதவு எண் மாதிரி. கடைகளில் விற்கும் ரவுட்டர்கள் பலவும் 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையிலேயே வருகின்றன. கடைக்கும் தோட்ட வீட்டுக்கும் ஒரே வரிசை அமைந்துவிட்டால், இரண்டு ஊரில் ஒரே பெயரில் தெரு இருப்பதுபோல ஆகிவிடும். போடியில் இருக்கும் சர்வரை, லேப்டாப் தோட்ட வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்!

என்ன செய்யலாம்?

* கடை ரவுட்டரின் வரிசையை, அதிகம் புழங்காத 192.168.57 போல மாற்றிவிடுங்கள்.

* சர்வருக்கு நிரந்தர எண் கொடுங்கள். உதாரணம்: 192.168.57.10.

* கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், போன்களுக்கு ரவுட்டர் தானாக வழங்கும் எண்களை 100 முதல் 199 வரை என வரையறுங்கள்.

* வெளியிலிருந்து வருபவர்களுக்கு 200 முதல் 220 வரை ஒதுக்கி, அதை ரிமோட் ஆக்சஸ் சர்வரில் பதியுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் ஒரே எண் இருவருக்குப் போய், இருவருக்குமே இணைப்பு தடுமாறும்.

* வெளியிலிருந்து வருபவருக்கு 169.254 எனத் தொடங்கும் எண் கிடைத்தால், சர்வரிடம் கொடுப்பதற்கு எண்ணே இல்லை என்று அர்த்தம். ஒதுக்கீட்டைச் சரிபாருங்கள்.

* வெளியிலிருந்து கடையையே தொட முடியவில்லையா? இணைய சேவை நிறுவனத்திடம் ‘ஸ்டாட்டிக் ஐ.பி’ கேளுங்கள். பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்போது வெளியிலிருந்து வருபவருக்கு வழி கிடைக்காது.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

எரிச்சலில், ‘வி.பி.என் வேண்டாம், ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாகத் திறந்துவிடு’ என்று சொல்பவர்கள் உண்டு. இது குடோன் கதவை ரோட்டைப் பார்த்துத் திறந்துபோடுவதற்குச் சமம். அப்படித் திறந்துகிடக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடியே ஒரு கூட்டம் இணையத்தில் அலைகிறது. உள்ளே புகுந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். வருடக்கணக்கான வரவு செலவு ஒரே ராத்திரியில் போய்விடும்.

எண்களைச் சரியாகப் பிரித்துவைப்பது ஒரு சாயங்கால வேலைதான். எந்த எண் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, ரவுட்டர் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கணக்குப் பார்க்க மலை இறங்க வேண்டியிருக்காது!