இன்னும் விற்பனைக்கே வராத பிளேஸ்டேஷனை ஜன்னல் வழியே வீசினான் டட்லி! ஹாரி பாட்டரில் இதெல்லாம் தெரியுமா?

ஹாரி பாட்டர் மூன்றாம் பாகத்தில், தலையை வெட்டத் தீர்ப்பான, பாதிக் கழுகும் பாதிக் குதிரையுமான பக்பீக் ஒரு தடவைகூடச் சாகவில்லை, தெரியுமா? ‘அதான் காலத்தைத் திருப்பிக் காப்பாற்றினார்களே’ என்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம்! முதல் முறை ஹாரியின் காதில் விழுந்தது கோடரிச் சத்தமும் பக்பீக்கைப் பராமரித்த ஹாக்ரிட்டின் ஓலமும் மட்டும்தான். வெட்டியதைக் கண்ணால் பார்த்தவர் ஹாரி, நண்பர்கள் ரான், ஹெர்மாயினி மூவரில் ஒருவருமில்லை. மூன்று மணி நேரம் பின்னால் போய் மரங்களுக்கு நடுவே ஒளிந்து நின்றால் குட்டு வெளிப்படுகிறது: விலங்கு தப்பிய ஆத்திரத்தில் வெட்ட வந்தவன் வேலியில் போட்ட போடு அது! ஹாக்ரிட் அலறியதோ ஆனந்தத்தில்! இன்னும் கேளுங்கள்: அன்று மாலை அந்த மூவரும் கிளம்பக் காத்திருக்கும்போது, கூடத்தில் யாரோ இரண்டு பேர் விரைந்தோடிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு வரி. யாரும் நின்று படிக்க மாட்டோம். அந்த இரண்டு பேர் எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்த ஹாரியும் ஹெர்மாயினியும்!

அப்படியானால் ஹாரியின் பெற்றோரையும் இதே முறையில் காப்பாற்றியிருக்கலாமே? ரசிகர்கள் கேட்டுச் சலிக்காத கேள்வி இது. பதில் பக்பீக்கிடமே இருக்கிறது: திரும்பிப் போனவர்கள் எதையும் மாற்றவில்லை, நடந்ததே அவர்களால்தான் நடந்தது. ஆனாலும் 2003-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் மந்திர அமைச்சகத்திலிருந்த, காலத்தைத் திருப்பும் காலச்சுழற்றிகளை எழுத்தாளர் ரோலிங் அடித்து நொறுக்கிவிட்டார். என்னைக் கேட்டால், தேவையே இல்லாத சேதாரம்!

வில்லன் வோல்டமோர்ட் உயிரை விட்டுத் தேடிய எல்டர் மந்திரக்கோலைத் தொடாமலே அதற்கு எஜமானர் ஆனவர் ஒருவரல்ல, இருவர்! பள்ளிக் கோபுரத்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டதால் மாணவன் டிராகோ மால்ஃபாய் உரிமையாளர். அவன் அதை எடுக்கவே இல்லை. பிறகு மால்ஃபாய் மாளிகைக் கைகலப்பில் டிராகோவின் கையிலிருந்த வேறு கோல்களை ஹாரி பிடுங்குகிறான். அந்த நொடியிலேயே உரிமை மாறிவிடுகிறது! கோலோ, டம்பிள்டோரின் கல்லறைக்குள் கிடக்கிறது! இதில் ரசிகர்கள் ஒரு கொக்கி போடுகிறார்கள்: ஐந்தாம் பாகத்தில் மாணவர்கள் ரகசியமாகக் கூடி, ஒருவர் கோலை ஒருவர் தட்டிவிட்டே பயிற்சி எடுத்தார்களே, அப்போது யாருடைய கோல் யாருக்குச் சொந்தம்? நியாயமான கேள்விதான், பயிற்சியை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றுதான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டை வெறுங்காற்றிலிருந்து உருவாக்கவே முடியாது, தெரியுமா? ஏழாம் பாகத்தில் கூடாரத்தில் பசியோடு கிடக்கும்போது ஹெர்மாயினி விதியையே ஒப்பிக்கிறாள். இருப்பதைப் பெருக்கலாம், உருமாற்றலாம், இருக்கும் இடம் தெரிந்தால் வரவழைக்கலாம், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் பேராசிரியை மெக்கோனகல் கோலை ஆட்டியதும் சாண்ட்விச் தட்டு வந்து, எடுக்க எடுக்க நிரம்பியதே என்று மடக்குகிறீர்களா? சமையலறையிலிருந்து வந்து பெருகியிருக்கும்! விதி உடையவில்லை!

ரோலிங் சறுக்குவது மாயத்தில் அல்ல, முன்பின் வரிசையில். நான்காம் பாகத்தில் வோல்டமோர்ட்டின் கோல், தான் கொன்றவர்களின் நிழலுருக்களைக் கடைசியிலிருந்து முதலாகக் கக்குகிறது. ஹாரியின் தந்தை ஜேம்ஸுக்குப் பிறகு இறந்த தாய் லில்லிதானே முதலில் வர வேண்டும்? 2000-இல் வந்த முதல் அச்சில் ஜேம்ஸ் முந்திக்கொண்டார்! பின்னால் வந்த பதிப்புகளில் திருத்தினார்கள்.

ஆனால் பிளேஸ்டேஷன் விஷயம் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்! இரண்டாம் பாகத்தில் தலை சரியாக அறுபடாத பேய் நிக், தன் 500-ஆவது நினைவு நாளைக் கொண்டாடுகிறார். கேக்கில் எழுதியிருக்கும் ஆண்டு 1492. ஆக, அது 1992. கணக்குப் போட்டால் நான்காம் பாகம் தொடங்குவது 1994 கோடையில். அப்போது ஹாரி எழுதும் கடிதத்தில், கோபத்தில் பெரியம்மா மகன் டட்லி பிளேஸ்டேஷனை ஜன்னல் வழியே எறிந்த செய்தி வருகிறது. சோனி அதை ஜப்பானிலேயே 1994 டிசம்பரில்தான் விற்பனைக்கு விட்டது. பிரிட்டனுக்கு வர 1995 செப்டம்பர் ஆகிவிட்டது! மாயம் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று குதிக்கும் வெர்னன் பெரியப்பா, மகனுக்கு அதை எந்தக் கடையில் வாங்கினாராம்?