கயிற்றின் முறுக்கும் கிருமியின் உயிரும்

திருமலைக்குப் போய் வருகிறவர்கள் கையில் கட்டக் கயிறு வாங்கி வருவது நம் வழக்கம். அதன் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுத் திருகிப் பாருங்கள். புரிகள் எளிதில் விலகும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.யும் இப்படித்தான். சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ.கோலை கிருமிக்குள் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது! புரிகள் விலகினால்தான் மரபணுவைப் படிக்க முடியும். ஆகவே முறுக்கு மாறினால், எந்த மரபணு வேலை செய்யும், எது ஓய்ந்திருக்கும் என்பதும் மாறுகிறது. உப்பு, வெப்பம், பட்டினி எல்லாம் இந்த முறுக்கை மாற்றக் கூடியவை.

எதிர்முறுக்கை ஏற்றுவது ஜைரேஸ் என்ற நொதி. 1976இல் அமெரிக்காவில் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். முறுக்கு தளர்ந்தால் ஜைரேஸ் மரபணு கூடுதலாக வேலை செய்து சரிக்கட்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜா குழுவினர் காசநோய்க் கிருமியின் ஜைரேஸை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்து திரும்பும்போது நாம் பெட்டியில் போட்டு வரும் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை தாக்குவதும் இந்த ஜைரேஸைத்தான். டாக்டரைக் கேளாமல் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் விழுங்கினால், ஜைரேஸ் மாறிய கிருமிகள் தப்பிப் பெருகும். உண்மையாகத் தேவைப்படும் நாளில் மருந்து பலிக்காது. கயிற்றை நம் விருப்பப்படி கட்டிக்கொள்வோம். மாத்திரையை டாக்டர் சொன்னபடி மட்டும் சாப்பிடுவோம்.